வெளுத்த பிளக்

மஸ்கெலியாவில் ஓர் ஆட்டோ ஏற்றத்தில் வரும் சத்தத்தைக் கேட்டே அது நிரோஷனின் கை பட்ட வண்டியா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். பெற்றோலைக் குறைத்து, காற்றைக் கூட்டி, எஞ்சினைக் கூர்மையான ஒரு சுருதிக்குக் கொண்டுவந்து நிறுத்துவான். வண்டி துள்ளிக்கொண்டு ஏறும். பெற்றோலும் மிஞ்சும். ஸ்டாண்டில் நின்ற பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோக்கள் எல்லாம் அந்தச் சுருதியில்தான் கத்தின.

அதனால், அண்ணன் முறையில் எல்லோரும் நானா என்று கூப்பிடும் ஹார்ட்வெயார் கடை இர்ஷாத், தோட்டத்துப் பங்களா ஒன்றின் கொட்டகையிலிருந்து பழைய பந்தயப் படகு எஞ்சினை வாங்கி வந்தபோது வேறு மெக்கானிக்கைத் தேடவில்லை. முன்னொரு காலத்துத் தோட்டத் துரை நீர்த்தேக்கத்தில் ஓட்டிய எஞ்சின். கொழும்பிலிருந்து பழைய படகுப் பிரியர்கள் சிலர் வேகம் அளக்கும் கருவியோடு வருவதாக இருந்தது. அணைக்கட்டின் பக்கமிருந்து நேர்கோட்டில் ஓர் ஓட்டம். அவர்கள் இதுவரை அளந்த எஞ்சின்களையெல்லாம் அதில் தன் எஞ்சின் முந்த வேண்டும் என்பது இர்ஷாத்தின் ஆசை. முந்தும் என்று ஸ்டாண்டில் வைத்துச் சொன்னவன் நிரோஷன்.

அந்த எஞ்சினைப் பூட்டிய படகை ஓட்ட ஆரூரன் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்க வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். கடற்கரை ஊர்க்காரர். ஒல்லியான உடம்பு, படகுக்குப் பாரமில்லை. இதுவும் டூ ஸ்ட்ரோக்தான்; பெற்றோலில் எண்ணெய் கலப்பதும் அவர் பொறுப்பு.

கரையோரமாகச் சின்னச் சின்ன ஓட்டமாக விட்டுப் பார்த்தார்கள். நிரோஷன் கரையில் குந்தி, கண்ணை மூடிக் கேட்டான். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காபரேட்டரைக் கழற்றி, பெற்றோல் வரும் ஜெட்டை இன்னும் சிறியதாக மாற்றினான். கடைசியில் அந்தச் சுருதி வந்தது. எதிர்ப்பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆரூரன் படகை விட்டு இறங்கி, காற்சட்டையைப் பிழிந்தார்.

"சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் கூடப் பெற்றோல் குடிக்க விடுங்கோ. நாங்கள் கடலில இவ்வளவு மெலிசா விடுறேல்லை."

"இது கடல் இல்ல மாஸ்டர், மலை. இங்க காத்தே மெலிசு" என்றான் நிரோஷன். "நீங்க கணக்கப் பாருங்க, எஞ்சின நான் பாக்குறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆரூரனும் சிரித்தார்.

ஓட்டத்தன்று கரை நிறைய ஆட்கள். வடை கூட விற்றார்கள். ஆரூரன் அணைக்கட்டின் பக்கம் போய்த் திரும்பி, கைப்பிடியை முழுதாக முறுக்கினார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது. சுருதி ஏறியது. ஏறிக்கொண்டே போனது. நிரோஷனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தத்தை அவன் எழுப்பியதில்லை.

பிறகுதான் அதற்கடியில் இன்னொரு சத்தம் கேட்டது. தகரப் பேணிக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல.

இந்த மலையில் எந்த வண்டியும் கைப்பிடியை முழுதாக முறுக்கியபடியே வெகுதூரம் போனதில்லை. அதற்குள் ஒரு வளைவு வந்துவிடும். வளைவில் கை தளரும், எஞ்சின் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளும். நிரோஷனின் காது பழகியதெல்லாம் அந்த வளைவுகளில்தான். தண்ணீரில் வளைவு இல்லை.

விட்டுவிடுங்க மாஸ்டர் என்று அவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தபோதே எஞ்சின் இறுகி நின்றது. படகு மூக்கைக் குத்தியது. ஆரூரன் முன்னால் எறியப்பட்டுத் தண்ணீரில் விழுந்தார்.

வேறு படகு போய் இழுத்து வந்தது. ஆரூரனின் தாடை கிழிந்து, சட்டையெல்லாம் இரத்தம். யாரோ அவருக்குத் துவாய் கொடுத்தார்கள். நிரோஷன் ஸ்டார்ட் கயிற்றை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றினான்.

பிளக்கின் முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பெற்றோல் போதாமல் எஞ்சின் தன்னைத்தானே எரித்துக்கொண்டதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பிளக்கைப் பார்த்து அதைப் படிக்கத் தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் தான் ஒருவன்தான் என்று நிரோஷன் நினைத்தான்.

"மாஸ்டரு ஊருப் பழக்கத்துல மண்ணெண்ணைய ஊத்திட்டாரு போல" என்றது ஒரு குரல். ஆட்டோ இராமையாவின் குரல். வடக்கில் படகுகள் மண்ணெண்ணெயில் ஓடுவது எல்லோருக்கும் தெரியும். கூட்டம் சிரித்தது.

இர்ஷாத் சிரிக்கவில்லை. கொழும்புக்காரர்கள் பின்னால் நின்று பார்க்கிறார்கள் என்ற கூச்சம் அவர் முகத்தில் தெரிந்தது. "அப்பிடியா நிரோஷன்? கலவைல பிழையா? நீங்க சொல்லுங்க."

பிளக் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. நிரோஷன் அதை உள்ளங்கைக்குள் வைத்து மூடினான்.

"கலவையத்தான் பாக்கணும் நானா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். அது போதுமாயிருந்தது. துவாயைத் தாடையில் அழுத்தியபடி நின்ற ஆரூரன், அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மூடிய கையைப் பார்த்தார்.

"என்ர பிழையாத்தான் இருக்கும்" என்றார்.

மண்ணெண்ணெய் மாஸ்டர் என்ற பெயர் அன்றே பஸாரை எட்டியது. பிறகு பள்ளிக்கூடத்தையும் எட்டியது. ஒருநாள் சாப்பிடும்போது நிரோஷனின் மகள் நிலக்ஷி சொன்னாள்: "அப்பா, இன்னக்கி மாஸ்டர் வர்றதுக்கு முன்னாடி போர்டுல யாரோ மண்ணெண்ண போத்தல் வரஞ்சு வச்சிருந்தாங்க."

"மாஸ்டர் என்ன சொன்னாரு?"

"அழிச்சிட்டுக் கணக்குப் போட்டாரு." பிறகு கேட்டாள்: "நெசமாவே மண்ணெண்ணையா ஊத்துனாரு?"

"சாப்பிடு" என்றான் நிரோஷன். பிடித்த கவளம் கையிலேயே இருந்தது. உள்ளங்கையில் தீக்காயம் இன்னும் ஆறவில்லை. சோறு படும்போதெல்லாம் எரிந்தது.

மறுநாள் பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இர்ஷாத்தின் கடைக்குப் போனான். கண்ணாடி மேசையின் மேல் அதை வைத்தான்.

இர்ஷாத் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "என்ன இது? வெள்ளையா, சுத்தமாத்தானே ஈக்கு."

"சுத்தமா இருக்கக் கூடாது நானா. காப்பிக் கலர்ல இருக்கணும். பெற்றோல் பத்தல. நான்தான் ஜெட்ட ரொம்பச் சின்னதாப் போட்டுட்டேன். மாஸ்டர் அன்னக்கே சொன்னாரு, நான் கேக்கல. அவர் கலவை சரி."

இர்ஷாத் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். பிறகு முகம் கனிந்தது.

"மாஸ்டரக் காப்பாத்தப் பாக்குறீங்க."

"இல்ல நானா."

"எனக்கு வெளங்குது. புள்ளைக்குப் படிச்சுக் குடுக்குற ஆள். ஒங்களுக்கு நல்ல மனசு நிரோஷன்." பிளக்கை அவன் பக்கம் தள்ளினார். "அவரே வந்து மாப்புக் கேட்டுட்டார். அதோட வுடுங்க. புது பிஸ்டன் சொல்லி ஈக்கு. எஞ்சின நீங்கதான் கட்டணும். ஓட்ட வேற ஆளப் பாப்பம்."

பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்துத் தேநீர் வரவழைத்தார். நான்தான் கெடுத்தேன் என்று இன்னொரு தடவை, இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம். நிரோஷன் தேநீரைக் குடித்தான். இஞ்சி போட்ட நல்ல தேநீர். முழுதையும் குடித்தான்.

மாஸ்டரைக் காப்பாற்ற அவன் பழியை ஏற்கிறான் என்ற கதை, அவன் கராஜுக்கு வந்து சேருமுன்னே வந்து சேர்ந்திருந்தது. பின்னேரம், கராஜுக்கு முன்னாலிருந்த ஸ்டாண்டில் ஆட்டோக்காரர்கள் கூடி நின்றார்கள். ஆரூரன் குடையோடு அந்த வழியாக வந்தார். தாடையில் பிளாஸ்டர்.

"மாஸ்டர், வீட்டுக்கு மண்ணெண்ண இருக்கா, வாங்கித் தரவா?" என்றான் இராமையா.

நிரோஷன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்டான். "எஞ்சினக் கெடுத்தது நானு. அவர் இல்ல. ஜெட்ட நான்தான் கொறச்சேன்."

"தெரியுமே. நீ இப்படித்தான் சொல்லுவேன்னு இர்ஷாத் முதலாளி சொல்லிட்டாரு." இராமையா அவன் தோளில் தட்டினான். "ஒன் கை ஒரு எஞ்சினக் கெடுக்குமாடா? யாருகிட்ட கத விடுற?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்பு.

ஆரூரன் நின்றார். கராஜுக்குள் வந்து குடையை மடக்கினார். "பிளக் உங்களிட்டையோ?"

நிரோஷன் கொடுத்தான். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்டைக்கு நீங்கள் கையைப் பொத்தினதைக் கண்டனான்" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்.

"ஏன் மாஸ்டர் சொல்லல?"

"நான் சொன்னா ஆர் நம்புவினம்? நீங்கள் சொன்னா நம்புவினம். சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்." பிளக்கை மேசையில் வைத்தார். "இப்ப நீங்கள் சொல்லியும் நம்பீனமில்லை."

குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நிரோஷன் வெளியே வந்து இராமையாவின் ஆட்டோவை ஸ்டார்ட் செய்தான். பின்னால் குனிந்து காபரேட்டர் திருகை முடுக்கி, பெற்றோலை இன்னும் குறைத்தான். சத்தம் மெலிந்தது, கூர்மையானது. படகில் கேட்ட அதே சுருதி.

"இதான் என் சத்தம். சரியா?"

"அப்படிப் போடு" என்றான் இராமையா.

"ஏறு. கைப்பிடிய முழுசா முறுக்கு. வளைவுல தளத்தாத. நோர்வூட் போற வரைக்கும் அப்படியே புடிச்சிக்கிட்டுப் போ."

இராமையா ஏறி உட்கார்ந்தான். கைப்பிடியைப் பிடித்தான். முறுக்கவில்லை.

"பிஸ்டன் போயிருமே."

"படகு அப்படித்தான் ஓடிச்சு."

இராமையா கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். மற்றவர்கள் எஞ்சினைப் பார்த்தார்கள், பிறகு நிரோஷனைப் பார்த்தார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஸ்டாண்டில் கடைசியில் நின்றவன் தன் வண்டியின் பின்மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்க்கக் குனிந்தான்.

"மொதல்ல இத சரி பண்ணு" என்றான் இராமையா. அவன் குரலில் இருந்த பழைய நெருக்கம் போயிருந்தது.

நிரோஷன் குனிந்து திருகைத் தளர்த்தினான். சத்தம் தடித்து, மந்தமானது. நிமிர்ந்தபோது பாதையைப் பார்த்தான். ஆரூரனின் குடை வளைவைத் தாண்டிவிட்டிருந்தது.