கோணல் பல்

"முப்பது வருஷம்! ஒரு நாள்கூட மாறாம, மெஷின் மாதிரி உழைச்சவங்க," என்றார் பல் செட் கம்பெனி முதலாளி, அம்மாவின் தலைமாட்டில் நின்றுகொண்டு.

மெஷினாம்! மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தபோது கையைக் கட்டிப்போட்டது போதாதென்று, செத்த பிறகு பட்டம் வேறா? எழப்போனவளின் கையை அப்பா பிடித்து இழுத்தார்.

"விடும்மா. பெரிய மனுஷர். நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போகட்டும்."

நல்ல வார்த்தையா இது? அம்மா செய்த செட் எதுவும் இன்னொன்றைப் போல இருந்ததே இல்லை. பல் போனவர்கள் சிரித்த பழைய படத்தைக் கேட்டு வாங்கி எதிரில் வைத்துக்கொள்வாள். மெழுகில் பல்லை நட்டு, ஒன்றை இம்மி திருப்புவாள், ஒன்றைக் கொஞ்சம் இறக்குவாள். அமைந்துவிட்டால் தனியே உட்கார்ந்து சிரிப்பாள்.

"ஏம்மா இப்படி மெனக்கெடறே? எப்படிப் பண்ணாலும் அதே சம்பளம்தானே?" என்று மகள் ஒருமுறை கேட்டாள்.

"எல்லாத்தையும் ஒரே வரிசையா வெச்சா எனக்குத் தூக்கம் வந்துடும்டி. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு கோணல் இருக்கு. அதைக் கண்டுபிடிக்கிற குஷியிலதான் நான் வேலைக்கே போறேன்."

அந்தக் குஷிதான் முதலாளியின் கண்ணை உறுத்தியது. 'இது வேலை பாக்கிற இடம், விளையாடுற இடமில்ல. எல்லாருக்கும் ஒரே அச்சு போதும்' என்று, இரண்டு வருஷம் முன்பு அவளைப் பெட்டி அடைக்கும் வேலைக்குத் தள்ளினார். அம்மா வீட்டில் பேச்சைக் குறைத்தாள், அப்புறம் சாப்பாட்டை. மாரடைப்பு என்றார் டாக்டர். மகள் நம்பவில்லை.

"ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு! அதுதான் அவங்க வேலை!" என்று முதலாளி வாய் நிறையச் சொன்னார்.

மகள் கையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"சார், போன வருஷம் உங்க பல்லை எடுத்தப்போ அந்த அச்சுல வார்த்த செட்டையே மாட்டிக்க வேண்டியதுதானே? 'எனக்கு மட்டும் உங்க கையால பண்ணிக் குடுங்க'ன்னு எங்க வீட்டு வாசல்ல ஏன் வந்து நின்னீங்க? உபதேசம் ஊருக்குத்தானா? முன்னாடி இருக்கே அந்தக் கோணப் பல்லு, அதை வெச்சது யாரு? மெஷினா?"

கூட்டம் மொத்தமும் அவர் வாயைப் பார்த்தது.

"அதைப் பண்ணி முடிக்கிற வரைக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தா," என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி. "அப்புறம் அவ சிரிச்சு நான் பாக்கல."

முதலாளி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து, அப்போதுதான் உள்ளே வந்த யாரோ ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார்கள். அதை வாங்க அவர் கையை எடுக்கவில்லை.