பச்சைப் பொய்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அன்று காலையும் நிற்கவில்லை. சர்க்கரை பார்க்கும் கருவியில் வட்டம் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அண்ணனோ பச்சைதானே என்று சொல்லிக்கொண்டே காபியில் இரண்டாவது கரண்டி சர்க்கரையைப் போட்டான். பச்சைப் பொய் சொல்லாதே என்று கத்திவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

அந்தக் கருவியின் திரையை வடிவமைத்தவளே நான்தான். நோயாளிகள் எண்ணைப் பார்த்தால் மிரளுகிறார்கள், ஒரு வட்டம் போதும், சரியாக இருந்தால் பச்சை, ஏறினால் சிவப்பு என்று அடம்பிடித்து ஒப்புதல் வாங்கியிருந்தேன். மாதிரிக் கருவி ஒன்று அண்ணனிடம் இருந்தது. அன்று நான்கு மணிக்கு வடிவம் தொழிற்சாலைக்குப் போகவேண்டும்.

மதியம் பக்கத்து மேசைக்காரர் தலையில் மாட்டினால் வேறோர் உலகைக் காட்டும் விஆர் கண்ணாடியோடு வந்து நின்றார். நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்களுக்கு உலகம் எப்படித் தெரியும் என்று காட்டுமாம். வேலை தலைக்குமேல் கிடக்கிறது, இப்போது விளையாட்டா என்று எரிந்து விழுந்தேன். மனிதர் நகர்வதாக இல்லை. மாட்டிக்கொண்டேன்.

உள்ளே ஒரு சமையலறை. கூடையில் தக்காளியும் பச்சைமிளகாயும் ஒரே சேற்று நிறத்தில் கிடந்தன. மேசைமேல் என் கருவியை அச்சு அசலாக வைத்திருந்தார்.

"வட்டம் என்ன நிறம், சொல்லுங்க."

பச்சை என்றேன். கண்ணாடியைக் கழற்றச் சொல்லிக் கணினித் திரையில் அதே வட்டத்தைக் காட்டினார். சிவப்பு.

தூக்கிவாரிப்போட்டது. அப்படியானால் அண்ணன் பொய்யே சொல்லவில்லை! வெட்கத்தில் முகம் எரிந்தது, ஆனால் கால் தரையில் நிற்கவில்லை. மேலாளர் அறைக்கு ஓடி, பேசவிடாமல் அவர் தலையில் கண்ணாடியை மாட்டினேன். கழற்றியதும் மாற்றிவிடு என்றார், அவ்வளவுதான். ஏறினால் மேலே பார்க்கும் முக்கோணம், இறங்கினால் கீழே பார்க்கும் முக்கோணம், சரியாக இருந்தால் வட்டம், நடுவில் பெரிதாக எண் என்று திரையைப் புதிதாக வரைந்தேன். கண்ணாடிக்கு வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கத்தாமல் கேட்டேன், நானேதான்.

போன் செய்ததும் அண்ணன் கருவியோடு வந்துவிட்டான். புதிய திரையை ஏற்றிக் கொடுத்தேன். வழியில் வாங்கிய காபியை ஒரு கையில் பிடித்தபடி விரலைக் குத்திப் பார்த்தான்.

"மேல காட்டுது. ஏறியிருக்கு," என்றான், சட்டென்று. காபியை அவனே தள்ளி வைத்தான்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. வடிவத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிட்டு, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அவன் சிரித்தான்.

"விடும்மா. பொய் எல்லாம் எனக்கு நல்லாவே சொல்லத் தெரியும். பச்சைதான் தெரியாது."