மூன்று தட்டு, ஓர் இடைவெளி

அம்மாவின் இடது கை விரல்களை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் தம்பி தன் பாட்டுகளுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்திருப்பது அவளுக்குக் கேட்டது.

மணி ஒன்று. அம்மா இறந்து ஐந்து மணி நேரம்கூட ஆகவில்லை. மருத்துவர் வந்து நாடி பார்த்து, காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயாயிற்று. வண்டி இரண்டு மணிக்கு வரும். தகனக் கூடத்தில் மூன்றிலிருந்து நாலு வரை நேரம் கொடுத்திருந்தார்கள். இதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, முடிந்ததை அடித்துக்கொண்டே வந்தாள். அந்தத் தாளில் வானொலிப் பேட்டி என்று ஒரு வரி இல்லை.

"கேன்சல் பண்ணிடு" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"ரெண்டு மாசமா கெஞ்சி வாங்கின நேரம்க்கா. இன்னிக்கு விட்டா மறுபடி கூப்பிட மாட்டாங்க. அரை மணி நேரம்தான். அம்மாவைப் பத்தித்தானே பேசப் போறேன்."

அவள் திரும்பி வேலையைப் பார்க்கப் போனாள். அவள் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்ப்பவள். அம்மா வாயில் இருந்ததும் அவள் கையால் செய்த செட்தான். தாடை இறுகிப்போவதற்கு முன்பே அதைக் கழுவி வாயில் பொருத்தி, உதட்டைச் சரிசெய்து, தாளில் முதல் வரியை அடித்துவிட்டிருந்தாள். இப்போது விரல்களும் இறுக ஆரம்பித்திருந்தன. நடுவிரல் கணுவில் மட்டும் தோல் தடித்துக் காய்த்துப்போயிருந்தது. அந்த இடத்தில் துணியை இரண்டு முறை ஓட்டினாள்.

தம்பி வீட்டில் தம்பி, வெளியில் 'தூசி'. அந்தப் பெயரில்தான் பாட்டு வெளியிடுகிறான். அவனுக்கு வாத்தியம் எதுவும் வாசிக்கத் தெரியாது. ஃபிரிட்ஜ் முனகுவது, கதவு கிறீச்சிடுவது, மாடிவீட்டுக்காரர் தும்முவது, எது கிடைத்தாலும் பதிவு செய்து லேப்டாப்பில் வெட்டி ஒட்டிப் பாட்டாக்கிவிடுவான். "வாஷிங் மெஷின் கெட்டுப்போச்சுன்னா நாமெல்லாம் மெக்கானிக்கைக் கூப்பிடுவோம், இவன் மைக்கைத் தூக்கிட்டு ஓடறான்" என்பார் மாமா. நாலு நாள் முன்பு 'சுவர்' என்ற பெயரில் ஒன்பது பாட்டு வந்திருந்தது. அவள் ஒன்றையும் கேட்டதில்லை. நாள் முழுக்க அரைக்கிற இயந்திரத்தின் இரைச்சலில் நின்றுவிட்டு வந்தால் காதுக்கு வேண்டியது அமைதி ஒன்றுதான்.

"ஆறாவது பாட்டு, 'மூணு'. எல்லாரும் பேசறது இதைத்தான். இதுக்குப் பின்னால என்ன ஐடியா, தூசி?" தொகுப்பாளினியின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

"எங்கம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம். பேச்சு போயிடுச்சு. இடது கை மட்டும் அசையும். பக்கத்து ரூம்லதான் படுத்திருக்காங்க. நான் இங்க பாட்டு பண்ணிட்டு இருக்கும்போது சுவத்துல தட்டுவாங்க. மூணு தட்டு, ஒரு இடைவெளி. மூணு தட்டு, ஒரு இடைவெளி. என்னோட தாளத்துக்கு அவங்க போடற பதில் தாளம் அது. உடம்பு நின்னுபோச்சு, ஆனா உள்ள ஒரு நடனம் நிக்கல. அதுதான் ஐடியா. அந்தத் தட்டலை நான் தொடவே இல்ல. அடியில கனமா ஒரு பேஸ் சத்தம் மட்டும் வெச்சேன். இது நானும் அம்மாவும் சேந்து பண்ணின பாட்டு."

"ரொம்ப அழகு" என்றாள் தொகுப்பாளினி. பாட்டைக் கொஞ்சம் ஒலிக்கவிட்டாள்.

துணி பிடித்த கை நின்றது. ஒரு கண்ணிமைப்பு நேரம் அவளுக்கும் அது அழகாகத்தான் பட்டது. அப்படிப் பட்டதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மூன்று தட்டு என்றால் நடனம் இல்லை. மூன்று தட்டு என்றால், என்னைப் புரட்டிப் போடு.

அந்த ஏற்பாட்டைச் செய்தவளே அவள்தான். ஒன்று தட்டினால் ஆமாம். இரண்டு, தண்ணீர். மூன்று, புரட்டு, இடுப்பு எரிகிறது. நாலாவதை அம்மாவே சேர்த்துக்கொண்டாள். பார்க்க வரும் மாமா தன் ரத்த அழுத்தத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார். அம்மா நாலு தட்டுவாள். போதும், போ. "பாரு, நான் பேசறதுன்னா அக்காவுக்கு எவ்வளவு இஷ்டம்" என்று மாமா இன்னும் அரை மணி நேரம் உட்காருவார். அவர் போனபின் அம்மாவின் ஒரு பக்க வாய் மட்டும் சிரிக்கும்.

இதையெல்லாம் ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி, தம்பியின் அறைக்கதவின் உட்புறம் ஒட்டியிருந்தாள். பகலில் வீட்டில் இருப்பவன் அவன்தானே. அவன் சத்தம் அடைக்கக் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டினபோது அட்டை அதற்குள் போயிற்று. ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அம்மா தட்டுவது எப்படிக் கேட்கும் என்று சண்டை போட்டு, சுவரில் ஒரு சின்னப் பொத்தான் மைக்கைப் பொருத்தவைத்ததும் அவள்தான். தட்டினால் நேரே அவன் காதில் விழும். அதற்குத்தான் அந்த மைக். பாட்டுக்கு இல்லை.

இன்று காலை மருத்துவர், காரணம் என்ற கட்டத்தில் எழுதியது, இடுப்புப் புண்ணிலிருந்து ரத்தத்தில் ஏறிய விஷத்தை.

அவள் எழுந்தாள். அம்மா தட்டும் இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு வட்டம் இருந்தது. அதில் கணுவை வைத்து மூன்று தடவை தட்டினாள். இடைவெளி விட்டாள். மறுபடி மூன்று.

பக்கத்து அறையில் பேச்சு நின்றது.

"அது என்ன சத்தம்? அம்மாவா?" தொகுப்பாளினியின் குரலில் அத்தனை குதூகலம்.

நாற்காலி ஒரு தரம் கிறீச்சிட்டது. பிறகு தம்பி சொன்னான்: "ஆமா. அம்மாதான்."

பேட்டி முடிந்து அவன் நாற்காலி உருளும் சத்தம் கேட்கும்வரை அவள் காத்திருந்தாள். அம்மாவின் மீதி இரண்டு விரல்களைத் துடைத்து, கையைப் போர்வைக்குள் வைத்து, தாளில் அந்த வரியையும் அடித்தாள். அதற்குப் பிறகுதான் போனாள்.

"அம்மாதானா?"

"வேற என்ன சொல்றதுக்கா? லைவ்ல போயிட்டிருக்கு."

"காலைல அம்மா செத்துட்டாங்கன்னு சொல்லத் தெரியாதா? தமிழ்ல மூணு வார்த்தை வராதா உனக்கு? அரை மணி நேரம் ஐடியா ஐடியான்னு வாய் ஓயாம பேசினியே."

அவன் ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்தான். நாற்பதைத் தொடப்போகிற முகம். அழுதிருந்தான் என்பது தெரிந்தது. அது அவளை இன்னும் எரிச்சலாக்கியது.

"மூணுன்னா என்னடா?"

"அக்கா..."

"அட்டையை மறைச்சு ஸ்பாஞ்சு ஒட்டிட்ட. மறந்துபோச்சுன்னு சொல்லு. நம்பறேன். மறந்துபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

"மறக்கல. மனப்பாடம்."

அவள் எதிர்பார்த்தது இது இல்லை. மறதி என்றால் திட்டித் தீர்த்துவிடலாம்.

"அப்ப தெரிஞ்சே உக்காந்து பதிவு பண்ணிட்டு இருந்த. அங்க ஒருத்தி எரியுதுன்னு தட்டறா, நீ இங்க பேஸ் வெக்கற."

"தினமும் நான்தான்க்கா புரட்டினேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. நீ சாயங்காலம்தான் வருவ."

"அந்தத் தட்டலை எப்ப எடுத்த? எத்தனை நேரம் தட்டினா? நீ எப்ப எழுந்து போன? அதைப் போடு. பாட்டு வேண்டாம். வெட்டாததைப் போடு."

"வேண்டாம்க்கா."

"ஏன், உன் ஐடியா கெட்டுப்போயிடுமா?"

"கேக்காதன்னு சொல்றேன்ல. கேட்டா உனக்குத்தான் கஷ்டம்."

"என் கஷ்டத்தை நான் பாத்துக்கறேன். போடு."

அவன் பழைய கோப்பு ஒன்றைத் திறந்தான். திரையில் தேதி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலு நிமிஷம், பதினொரு நொடி.

முதலில் சுவரின் இரைச்சல். பிறகு மூன்று தட்டு, ஓர் இடைவெளி. மூன்று தட்டு, ஓர் இடைவெளி. அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நொடிகளை எண்ணினாள். அவன் நாற்காலி நகரும் சத்தம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை. நாற்பது நொடி. ஒரு நிமிஷம். கோபம் அவளுக்குள் நிம்மதி மாதிரி பரவிக்கொண்டு வந்தது.

அப்போது ஒரு பெண் குரல் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மங்கலாக, ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக.

"வரேம்மா. போன்ல இருக்கேன்ல."

மூன்று தட்டு.

"டாக்டர், அந்தப் பல்லோட நிறம் நீங்க எழுதினதுதான். நான் மாத்தல." பிறகு, வேறு பக்கம் திரும்பி: "இரும்மா."

மூன்று தட்டு. மூன்று தட்டு.

"சும்மா தட்டிட்டே இருந்தா? கை உடையறவரைக்கும் தட்டு. நானும் மனுஷிதானே. ஆறு நாள் நின்னுட்டு வந்து ஒரு நாள் உக்காரக் கூடாதா?"

அதன்பின் நீளமான இடைவெளி. அவள் தன் குரலின் எதிரொலி அடங்குவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இடம் விட்டு, நாலு தட்டு.

அதோடு தட்டல் இல்லை. கடைசிவரை சுவரின் இரைச்சல் மட்டும்.

தம்பி திரையையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "உன் குரலை வெட்டிட்டேன். நாலு வர்ற இடத்தையும். நாலு வந்தா, திரும்பத் திரும்ப வர்ற அந்த லூப் உடைஞ்சுடுது."

"என்னைக் காப்பாத்தினயா, பாட்டைக் காப்பாத்தினயா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லியிருந்தால் அவள் அவனை அறைந்திருப்பாள். "பாட்டைத்தான்" என்றான். "உன் குரல் தாளத்துல நிக்கல."

"அதுக்கப்புறம் யாரு போய்ப் புரட்டினது? நீயா, நானா?"

"ஞாபகம் இல்லக்கா. உனக்கு?"

அவளுக்கும் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, பல்லின் நிறம், டாக்டரின் கோபம் எல்லாம் ஞாபகம் இருந்தது.

"எல்லாரும் கேக்கறாங்க, மூணு மணிக்கு அந்தப் பாட்டைப் போடலாம்னு இருந்தேன்" என்றான் அவன். "அம்மாவை உள்ள அனுப்பறப்ப. ஹால்ல ஸ்பீக்கர் இருக்கு."

"போடு."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"போடறதா இருந்தா இதைப் போடு. வெட்டாம. நாலு நிமிஷம் பதினொரு நொடியும். உன் விளக்கத்தையும் சேத்துச் சொல்லு. மூணுன்னா என்ன, நாலுன்னா என்ன, யாரு யாரு எங்க உக்காந்திருந்தோம்னு. நானும் பக்கத்துலயே நிக்கறேன்."

"உனக்குப் பைத்தியமாக்கா?"

"வெட்டினதைப் போட்டா, மைக்கைப் பிடுங்கி நானே சொல்லுவேன். எல்லார் முன்னாலயும் சொல்லுவேன்."

கீழே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்பே.

தகனக் கூடம் சுத்தமாக இருந்தது. மடக்கு நாற்காலிகள், தேய்த்துத் துடைத்த தரை, எதிர்ச் சுவரில் எஃகுக் கதவு ஒன்று. முப்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் தம்பியின் கூட்டம். கறுப்புச் சட்டையும் காதில் வளையமுமாகக் கடைசி வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒரு பெண் அவள் கையைப் பிடித்து, "'மூணு' கேட்டு எங்கம்மாவுக்குப் போன் பண்ணினேன்க்கா, ஆறு மாசம் பேசாம இருந்துட்டு" என்று சொல்லி அழுதாள். அவளுக்கு அந்தக் கையை உதறவும் தெரியவில்லை, பிடித்துக்கொள்ளவும் தெரியவில்லை.

மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "நான் போனாலே போதும், சந்தோஷத்துல நாலு தட்டு தட்டுவா" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். நாலு என்றால் போ என்று அர்த்தம் என அவருக்குச் சொல்லிவிடத் தோன்றியது அவளுக்கு. மாமாவின் காலர் கசங்கியிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தாள். அடுத்த நிமிஷமே, இவருக்கு மட்டும் ஏன் வெட்டிக் கொடுத்தோம் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

தம்பி லேப்டாப்பை ஒரு மேஜையில் வைத்து, ஸ்பீக்கருக்கு ஒயர் இழுத்து மாட்டினான். நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கூடத்து ஊழியர் வந்து, "ஏதாவது போடறதுன்னா இப்பப் போட்டுடுங்க. அடுத்த ஆளுங்க வெளிய வந்துட்டாங்க" என்றார்.

தம்பி மைக்கை எடுத்தான். கடைசி வரிசை நிமிர்ந்தது. அவள் சொன்னபடியே அவன் பக்கத்தில் போய் நின்றாள். அங்கிருந்து திரை தெரிந்தது. இரண்டு கோப்புகள், ஒன்றின் கீழ் ஒன்று. அவன் விரல் இரண்டுக்கும் நடுவில் நின்றது.

"இந்தப் பாட்டோட ஐடியா..." என்று ஆரம்பித்தான். ஸ்பீக்கர் ஒரு தரம் கீச்சிட்டது. "இந்தப் பாட்டு எப்படி வந்துச்சுன்னா..."

அவன் அவளைப் பார்த்தான். உதவி கேட்கும் பார்வை. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு அம்மாவிடம் போகும்போது பார்த்த அதே பார்வை. அன்றைக்கெல்லாம் பழியை அவள் பாதி வாங்கிக்கொள்வாள். இன்றைக்கும் பாதி அவளுடையதுதான். ஆனால் அதை அவன் சொல்லிக் கேட்கவேண்டும். அவள் அசையவில்லை.

"பாட்டு இல்ல" என்றான் தம்பி. "எதுவும் போடல."

மைக்கை வைத்துவிட்டான். ஊழியர் பொத்தானை அழுத்த, எஃகுக் கதவு மேலே ஏறியது. உருளைகள் சுழன்றன. பெட்டி உள்ளே போனது. கதவு இறங்கியது. மொத்தம் ஒரு நிமிஷம்கூட இல்லை.

அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. எதைப் போட்டிருந்தாலும் அடங்கியிருக்காது என்பது தெரிந்தும் அடங்கவில்லை. நாற்காலிகள் நகர்ந்தன. யார் யாரோ தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். மாமா வெளியே யாரிடமோ ரத்த அழுத்தம் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்.

தம்பி தரையில் குந்தி ஒயரைச் சுருட்டிக்கொண்டு வந்தான். முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில், சுற்றுக்கு மேல் சுற்றாக. பாதி சுருட்டியதும் அது நின்றது. இழுத்தான், வரவில்லை. மறுமுனை அவள் செருப்பின் அடியில் இருந்தது.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு தரம் லேசாக இழுத்துவிட்டு, ஒயரைக் கையில் பிடித்தபடி அப்படியே குந்தியிருந்தான். கதவருகே அடுத்த குடும்பம் உள்ளே வரலாமா என்று பார்த்துக்கொண்டு நின்றது. அவள் காலை எடுக்கவில்லை.