பெரியவர் பார்க்காத கிருமி

பெரியவர் உயிரோடு இருந்தவரை அந்த ஆய்வுக்கூடத்தின் எந்த நுண்ணோக்கியிலும் காய்ச்சல் கிருமி தெரியவில்லை. காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்று இளவயதில் நிறுவி அங்கே தலைவரானவர் அவர்; நகரமே அவர் பேச்சைக் கேட்டுச் சன்னல்களை அடைத்துக்கொண்டு புழுங்கியது. யார் எதைக் கண்டாலும் மாதிரி தடவிய கண்ணாடித் துண்டை அவர் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும், அவரும் பார்த்தால்தான் பார்த்ததாகக் கணக்கு. குழாய்த் தண்ணீரை ஆராய்ந்த பெண் தன் வீட்டுச் சமையலறையில் வைத்துப் பார்த்தால் கிருமிகள் சந்தைக்கூட்டம்போல் நெரியும். ஆய்வுக்கூட வாசலைத் தாண்டியதும் மரியாதை தெரிந்தவைபோல் மறைந்துவிடும். பெரியவர் பொறுமையாகக் குனிந்து பார்ப்பார். கெட்ட மனிதர் இல்லை. "கண்ணாடிய நல்லா தொடைச்சுட்டு வாம்மா," என்பார்.

அவள் தங்கை மகனுக்குக் காய்ச்சல் வந்தது. தண்ணீரைக் காய்ச்சிக் கொடு என்று இவள் கெஞ்சினாள். தங்கை கணவனோ, பெரியவரைவிட உங்க அக்காவுக்குத் தெரியுமா என்று சன்னல் இடுக்கில் துணியைத் திணித்தான். பிள்ளை போன பிறகு தங்கை ஒன்றுதான் கேட்டாள்: "உனக்குத் தெரிஞ்சது ஏன்க்கா ஊருக்குத் தெரியல?" அதற்குப் பிறகு அக்காவோடு பேசவே இல்லை. மறுநாளிலிருந்து அக்கா தினமும் காலையில் பெரியவரின் அறை வாசலில் நின்று, "உடம்பு எப்படிங்கய்யா இருக்கு?" என்று விசாரித்தாள். பாசக்காரி என்று பேர் வாங்கினாள். பெரியவருக்கோ இரும்பு உடம்பு.

பல வருடம் கழித்து, சன்னல் மூடிய அறையில் அதே காய்ச்சலில் அவர் இறந்தார். மூச்சு நின்றதும் ஆய்வுக்கூட அலமாரிகளில் கிடந்த பழைய கண்ணாடித் துண்டுகள் எல்லாவற்றிலும் கிருமிகள் தெரிந்தன. அன்று அவற்றை எடுத்துத் தூசி தட்டும் வேலைதான் கூடியது. நகரம் சன்னல்களைத் திறந்தது, தண்ணீரைக் காய்ச்சியது. பிள்ளைகள் பிழைத்தார்கள். பெரியவர் நாற்காலியில் அவளைத் தலைவியாக உட்காரவைத்தார்கள். தங்கை வரவில்லை.

பிறகு, காய்ச்சிய தண்ணீர் குடித்த வீடுகளிலும் சில பிள்ளைகள் காய்ச்சலில் இறந்தார்கள். தம்பியை அப்படிப் பறிகொடுத்த புது ஆய்வாளர் ஒருத்தி, திறந்த சன்னல் வழியே வரும் கொசுவுக்குள் வேறொரு கிருமி இருக்கிறது என்று கண்ணாடித் துண்டோடு வந்தாள். தலைவி குனிந்து, மனதாரத் தேடினாள். ஒன்றுமே இல்லை.

"கண்ணாடிய நல்லா தொடைச்சுட்டு வாம்மா," என்றாள்.

மறுநாள் காலை அந்தப் பெண் அறை வாசலில் வந்து நின்றாள். "உடம்பு எப்படிங்கம்மா இருக்கு?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் தலைவிக்குத் தெரியாதா என்ன. மன்னிப்புக் கேட்கிற குரலில், "நல்லாத்தாம்மா இருக்கேன்," என்றாள்.