கண்ணுக்கு முன்னால் ஒரு கம்பெனி

மாதா கோயில் திருநாளுக்குக் கொடியேறி ஐந்தாம் நாளும் பெட்டி எடுக்க ஆன்ட்ரூஸ் வரவில்லை. ஷிஜியின் முன்னறையில் நெத்தோலிக் கருவாட்டுப் பெட்டிகள் சுவரோரமாக அடுக்கியபடியே இருந்தன. காற்றுப் புகாத உறையில் அடைத்து, முகவரி ஒட்டி, எல்லாம் தயார். அவளுடைய இணையக் கடையைப் பார்த்துப் பெங்களூர்க் கடைக்காரர் ஒருவர் கேட்டிருந்த முதல் சரக்கு அது. சனிக்கிழமைக்குள் வந்தால் மாதாமாதம் எடுப்பேன், வராவிட்டால் வேண்டாம் என்று எழுதிவிட்டார்.

இந்த ஆன்ட்ரூஸை அவளேதான் தேர்ந்தெடுத்தாள். அதுதான் முள்ளாக உறுத்தியது. முன்பு ஒரு வெளியூர்க் கொரியர் கம்பெனி அவளுடைய பெட்டிகளை ஏதோ கிடங்கில் போட்டுவிட்டு, ஃபோன் எடுப்பதையும் நிறுத்திவிட்டது. சண்டை போடக்கூட ஒரு முகம் இல்லை. பிறகு நாகர்கோவிலிலிருந்து இன்னொரு கம்பெனிக்காரன் பேசினான். கடற்கரையில் ஆளை எடைபோடும் கேள்வியை அவனிடம் கேட்டாள்.

"நீங்க எந்தப் பங்கு?"

"அதெதுக்கு மேடம்? பின்கோடு சொல்லுங்க. வண்டி வருமான்னு பாத்து சொல்றேன்."

எந்தப் பங்குக் கோயிலைச் சேர்ந்தவன், எந்தச் சாமியாரிடம் போய் முறையிடலாம் என்று தெரியாத ஒரு குரலை எப்படி நம்புவது? வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

ஆன்ட்ரூஸ் அப்படியில்லை. நாலு வீடு தள்ளி இருப்பவன். புதிதாகக் கொரியர் ஏஜென்சி எடுத்திருந்தான். சொன்னபடி நடக்காவிட்டால் வாசலில் போய் நின்று கத்தலாம். அந்த ஒரு உரிமைக்காகத்தான் அவனோடு சேர்ந்தாள்.

இப்போது கத்தப் போனாள். அவன் மனைவி டெல்சி கதவைத் திறந்தாள்.

"ஏட்டி ஷிஜி, வா வா. இந்தா, முந்திரிக்கொத்து தின்னு."

"அக்கா, அண்ணன் எங்க? வெள்ளிக்கிழமையே பெட்டி எடுக்க வாறேன்னு சொன்னாவ."

"அவருக்குத் திங்கவும் நேரமில்ல மக்கா. தேர் ஜோடிக்கது அவருக்க பொறுப்பாக்கும். திருநாள் முடியட்டு, உனக்க பெட்டியத்தான் மொதல்ல எடுப்பாரு."

"திருநாள் முடிஞ்சா எனக்க யாவாரமும் முடிஞ்சிரும்."

"அப்பிடிச் சொல்லாத. மாதா பாத்துக்கிடுவா."

"மாதாவுக்கு வண்டி இருக்கா அக்கா?"

டெல்சி விழுந்து விழுந்து சிரித்தாள். இன்னும் இரண்டு முந்திரிக்கொத்தைக் கையில் திணித்தாள். வாயில் பலகாரத்தை வைத்துக்கொண்டு யாரைப் பார்த்துக் கத்துவது?

ஆன்ட்ரூஸ் கோயில் முற்றத்தில் ஏணிமேல் நின்று தேருக்கு விளக்குச்சரம் கட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எப்ப வாறிய?"

"நாளைக்கு மக்கா."

"இத நேத்தும் சொன்னியளே."

"நேத்து சொன்ன நாளைக்கு வேற, இது வேற, கேட்டியா?"

கீழே நின்ற கமிட்டிக்காரர்கள் சிரித்தார்கள். அவளுக்கும் உதடு விரிந்துவிட்டது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வீட்டுக்கு வந்து பெட்டிகளை எண்ணிப் பார்த்தாள். பிறகு நாகர்கோவில் எண்ணை அழைத்தாள். அதே குரல். பழையதை அது நினைவுபடுத்தவில்லை, நினைவிருந்ததோ என்னவோ. பின்கோடு கேட்டது. நாளைக் காலை வண்டி வரும் என்றது.

வந்தது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்ததால் தெருமுனையில், சிலுவை நிற்கும் குருசடி முக்கிலேயே நின்றுவிட்டது. வேறு வழியில்லை. பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து, கோயில் முற்றத்தின் வழியாக, எல்லோரும் பார்க்க நடந்தாள். ஆன்ட்ரூஸ் ஏணியிலிருந்து இறங்கி வந்தான்.

"என்ன காரியம் செய்யுத ஷிஜி? ஊர்க்காரன் நான் இருக்கும்போ எவனுக்கோ வண்டியில ஏத்துதியா?"

"நீங்க வரலியே அண்ணே."

"வரமாட்டேன்னு சொன்னேனா?"

சொல்லவில்லை. அவன் முகம் உண்மையாகவே வாடியிருந்தது. ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"கொண்டா இஞ்ச." அவள் தலையிலிருந்த பெட்டியைப் பிடுங்கி வண்டியில் வைத்தான். அவள் வீட்டுக்குப் போய் மிச்சப் பெட்டிகளையும் அவனே கோபத்தோடு தூக்கிவந்து ஏற்றினான். ஐந்து நாளாக நடக்காத வேலை கால்மணி நேரத்தில் முடிந்தது.

டிரைவர் கையெழுத்து வாங்கினான். எந்தப் பங்கு என்ற கேள்வி அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

"இது போய்ச் சேரலன்னா யாருக்க வாசல்ல போய் நிப்ப?" என்றான் ஆன்ட்ரூஸ்.

அவள் ரசீதை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை இரவு தேர் அவள் வீட்டைக் கடக்கும்போது ஃபோனில் செய்தி வந்தது. சரக்கு கிடைத்தது, அடுத்த மாதமும் அனுப்புங்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வடத்தின் முன்வரிசையில் ஆன்ட்ரூஸ் இழுத்துக்கொண்டு போனான். தெருவில் எல்லோரையும் பார்த்துச் சிரித்தவன், அவள் வாசல் வந்ததும் முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நல்லா ஜோடிச்சிருக்கிய அண்ணே" என்றாள் அவள். கொட்டுச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை.