காதில் விட்ட குரல்

மரியநாதனுக்கு நான் கெடுதல் செய்தது கித்தாரை வைத்து அல்ல. அதை முப்பத்தைந்து வருடமாகச் சுமாராகத்தான் வாசிக்கிறேன், அதை அவன் எப்போதோ மன்னித்துவிட்டான். லேப்டாப்பை வைத்துத்தான் செய்தேன்.

எங்கள் ராக் குழுவின் பெயர் 'ஏழாவது டிவிஷன்'. ஜோகூரில், ரெங்கம் பக்கத்துத் தோட்ட எஸ்டேட் ஒன்றின் ஏழாவது டிவிஷனில், உர மூட்டை அடுக்கிய ஸ்டோரில் வாசித்துப் பழக ஆரம்பித்தோம். பெயருக்கு அதற்கு மேல் அர்த்தம் கிடையாது. நாதன் பாட்டு, நான் கித்தார், லோகேஸ்வரன் டிரம்ஸ். பேஸ் கித்தாருக்கு வந்தவர்கள் எல்லாம் ஒருவர் பின் ஒருவராகச் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டார்கள். கடைசியில் அந்த இடத்தையும் லேப்டாப் பிடித்துக்கொண்டது.

தொண்ணூறுகளில் எங்கள் ஷோ மூன்று மணி நேரம். எல்லாம் சொந்தப் பாட்டு. ஸ்பீக்கர்கள் கல்யாண மைக் செட்காரரிடம் இரவல். நாதன் பாடுவது அவனுக்கே கேட்காது, கேட்காததால் இன்னும் கத்துவான். சிகாமட்டில் ஒருமுறை மேடையிலிருந்து கூட்டத்துக்குள் குதித்தான். பிடிப்பார்கள் என்று நினைத்தான், நகர்ந்துகொண்டார்கள். வீங்கிய காலை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு மீதி ஒன்பது பாட்டையும் பாடினான். பிறகு கல்யாண விருந்துகள் வந்தன. சினிமாப் பாட்டு பாடினோம். "சத்தத்தைக் குறைங்க, பெரியவங்க சாப்பிடறாங்க" என்று பெண் வீட்டார் வந்து சொன்னபோது குறைத்தோம். இப்போது கம்பெனிகளின் ஆண்டு விருந்து. நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி, எங்களுக்கு ஐம்பது நிமிடம். கறுப்புச் சட்டை மட்டும் அன்றிலிருந்து மாறவில்லை, அதுவும் இப்போது தொப்பையை மறைக்கிறது என்பதற்காகத்தான்.

சிங்கப்பூரில் ஒரு ஒலி நிறுவனத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே கற்றதையெல்லாம் எங்கள் மேடையில் கொண்டுவந்து இறக்கினேன். தாளம் லேப்டாப்பிலிருந்து வரும். எல்லோர் காதிலும் ஆளுக்கொரு கருவி, 'இயர் மானிட்டர்' என்போம். அதைச் செருகிவிட்டால் ஹால் சத்தம் கேட்காது. பாடுகிறவனுக்குச் சொந்தத் தொண்டைச் சத்தம்கூட அமுங்கிவிடும், என் லேப்டாப் எதை அனுப்புகிறதோ அதுதான் கேட்கும். நாதனுக்கு வயது ஏற ஏற நான் சுருதியை இறக்கினேன். முதலில் அரைக்கட்டை, பிறகு ஒரு கட்டை. யாருக்கும் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் மாற்ற அவன் விடவே இல்லை. கடைசிப் பாட்டில் ஒரு இடத்தில் எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிட வேண்டும். தாளம்கூட அவன் காதோடு சரி, வெளியே வராது. நான்கு வரி, அவன் குரல் மட்டும். எங்களுக்குள் அதற்குப் பெயர் 'பெரிய ஸ்டாப்'. அந்த நான்கு வரிக்காகத்தான் மற்றதெல்லாம் என்பான்.

போன பிப்ரவரியில் ஜோகூர் பாருவில் ஒரு விருந்து. இரண்டாவது பாட்டிலேயே அவன் குரல் உடைந்தது. உச்ச வரியில் வெறும் காற்றுதான் வந்தது. முன் மேசையில் இருந்தவர்கள் கைபேசியை எடுத்தார்கள், எங்களைப் படம் பிடிக்க அல்ல. ஏற்பாட்டாளர் மேடை ஓரம் வந்து, "அங்கிள், நீங்க ரெஸ்ட் எடுங்க லா, டிஜே பாத்துக்குவாரு" என்றார். இன்னும் ஏழு பாட்டு மீதி இருந்தது. எனக்கு நாதன் மேல் வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். இவனால் என் மானமும் போகிறதே என்று.

அடுத்த வாரம் குளுவாங்கில் ஒரு கிளினிக் டாக்டர் அவன் தொண்டையைப் பார்த்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டுமாம். ஏப்ரல் பத்தாம் தேதி வரச் சொன்னார்கள். நாதனுக்கு மார்க்கெட்டில் மொத்தக் காய்கறி வியாபாரம். "தெனமும் ஏலம் போட்டுக் கத்துற தொண்டை, கம்மாம என்ன செய்யும்?" என்று சிரித்தான். ஆனால் போவதாகத்தான் இருந்தான். இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுவேன், அவன் போவதாகத்தான் இருந்தான்.

மார்ச்சில் சிகாமட்டில் ஒரு ஷோ ஒப்புக்கொண்டிருந்தோம். அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, 2012இல் குளுவாங்கில் நாங்கள் செய்த பெரிய ஷோவின் பதிவுகளைத் தேடி எடுத்தேன். அன்றைக்கு ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகப் பதிந்திருந்தேன். அதில் நாதனின் குரல் மட்டும் தனியாக இருந்தது, கழுவித் துடைத்த மாதிரி. அன்றும் இதே தாளக் கணக்குக்குத்தான் பாடியிருந்தான். ஷோ அன்று நிஜக் குரலைக் கீழே இறக்கி, பழைய குரலை மேலே வைத்தேன். ஹாலுக்கு அதையே அனுப்பினேன். அவன் காதுக்கும் அதையே அனுப்பினேன். காதுக்கு அனுப்பாவிட்டால் வாயை எந்த நேரத்தில் திறக்க வேண்டும் என்று தடுமாறுவான், மாட்டிக்கொள்வோம். அவ்வளவுதான் என் யோசனை. சுருதியையும் பழைய இடத்துக்கே ஏற்றிவிட்டேன்.

ஷோ முடிந்ததும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். சட்டையெல்லாம் வேர்வை.

"டேய் ரூபன், வந்துருச்சிடா! பழைய சுருதியிலேயே பாடிட்டேன், பாத்தியா?"

"பாத்தேன்" என்றேன்.

"மூணு நாளு வாயத் தொறக்காம இருந்தேன்ல, அதான்."

பேசும்போது அவன் குரல் தகரத்தை இழுத்தது போலத்தான் இருந்தது. அதற்கும் அவனே காரணம் சொன்னான். பேச்சுக் குரல் வேறு, பாட்டுக் குரல் வேறாம். பேச்சு தொண்டையிலிருந்து வருகிறது, பாட்டு அடிவயிற்றிலிருந்து வருகிறதாம். லோகேஸ்வரன்கூட ஆமாம் என்று தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

ஏப்ரல் பத்தாம் தேதி அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அன்று இரவு எட்டு மணி வாக்கில் அவன் மனைவி அமலோற்பவம் எனக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, இவரு போக மாட்டேங்கறாரு. பாட்டே வந்துருச்சி, மூக்குல எதுக்கு டியூபு விடணும்னு கேக்கறாரு. நீங்கதான் பக்கத்துல நிக்கறீங்க. நெசமாவே நல்லா பாடறாரா?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. அவளிடம் சொன்னால் போதும், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

"ஸ்டேஜ்ல நல்லாத்தாம்மா பாடறான்" என்றேன்.

"அப்ப சரிண்ணே. மனசு நிம்மதியா இருக்கு."

அவனுடைய சந்தோஷத்துக்காகச் செய்தேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். சிகாமட்டுக்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஷோ வந்தது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஐம்பத்தாறு வயதில் அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டியிருந்தது, அதற்கு நாதன் வாயைத் திறந்தபடி என் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது.

ஆகஸ்டில் காது வலிக்கிறது என்றான். இடது காது.

"நீ குடுத்த மானிட்டர்தாண்டா. அளவு சரியில்ல."

சிங்கப்பூருக்கு ஆள் சொல்லி மிருதுவான ரப்பர் முனை வரவழைத்துக் கொடுத்தேன். தொண்டையில் கோளாறு இருந்தால் காதும் வலிக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் எனக்குத் தெரியாது. அந்த ரப்பர் முனையைப் போட்டுக்கொண்டு, "இப்ப பரவால்லடா" என்று அவன் சொன்னதுதான் இன்றும் என்னைக் குடைகிறது.

நவம்பரில், ரெங்கம் மண்டபத்தில் தீபாவளித் திறந்த இல்ல விருந்து, யார் வேண்டுமானாலும் வந்து சாப்பிடலாம். பகல் இரண்டு மணிக்கு எங்கள் ஷோ. அதற்கு இரண்டு நாள் முன்பு அமலோற்பவம் மறுபடி போன் செய்தாள். தலையணை உறையில் ரத்தம் இருந்ததாம். கேட்டதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்றானாம். "ஒடம்பு சரியில்லாதவன் அந்த மாதிரி பாட முடியுமா, வேணும்னா ரூபனக் கேளு" என்றானாம்.

போனை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாற்பது வருட சிநேகிதன், என் பெயரைச் சொல்லித் தன் சாவுக்குச் சாட்சி வைக்கிறான் என்று தோன்றியது.

போகிற வழியில் சொல்லிவிடலாம் என்று அவன் லோரியில் ஏறினேன். குளுவாங்கிலிருந்து ரெங்கம் அப்படியொன்றும் தூரம் இல்லை. செம்பனைத் தோட்டங்களைத் தாண்டும்போது மூன்று தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை டீசல் விலை பற்றிக் கேட்டேன். இன்னொரு தடவை மழை வருமா என்று கேட்டேன். மூன்றாவது தடவை அவனே பேசினான்.

"அடுத்த வருசம் ஒரு பெரிய ஷோ பண்ணலாம்டா. ரெண்டு மணி நேரம். எல்லாம் நம்ம பாட்டு. இந்தக் கொரல் இருக்கும்போதே பண்ணிடணும்."

நான் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினேன்.

ஷோ நன்றாகவே போனது. நெய்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டே இருநூறு பேர் கேட்டார்கள். கடைசிப் பாட்டு வந்தது. பெரிய ஸ்டாப். லோகேஸ்வரன் குச்சிகளை மடியில் வைத்தான். நான் கித்தார் தந்தியை அமுக்கினேன். மறு கையால் லேப்டாப்பில் பழைய குரலை முழுதாக மூடிவிட்டு, நிஜக் குரலை மேலே தள்ளினேன். ஹாலுக்கும், அவன் காதுக்கும்.

ஒருவனிடம் நேரே சொல்லத் துப்பில்லாமல், இருநூறு பேர் முன்னால் அவனைத் தெரிந்துகொள்ள வைத்தேன். அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் வரியின் பாதியில் நிறுத்தினான். மைக்கைத் தட்டிப் பார்த்தான். பின்னால் யாரோ, "மைக்கு சரியில்ல!" என்று கத்தினார்கள். என் பக்கம் திரும்பினான். சரி செய்டா என்கிற பார்வை. நான் லேப்டாப்பைத் தொடவில்லை, தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினேன். அவன் மறுபடி மைக் அருகே வாயைக் கொண்டுபோய், மெதுவாக ஒரு சத்தம் எழுப்பிக் கேட்டான். மறுபடி ஒன்று. அவன் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனதை நான் பார்த்தேன். பிறகு மீதி மூன்று வரியையும் பாடினான். சுருதியும் இல்லை, குரலும் இல்லை, காற்றும் கரகரப்பும்தான். முடித்துவிட்டுக் கும்பிட்டான். மரியாதைக்குக் கைதட்டினார்கள்.

மண்டபத்துக்குப் பின்னால் லோரிப் பக்கத்தில் போய் நின்றேன். அவன் வந்தான். காதுக் கருவி கையில் இருந்தது.

"எத்தன ஷோ?"

"பதினாலு."

"லோகேசுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நான் மட்டும்தான்."

"அது எப்பப் பாடுனது?"

"ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. குளுவாங்ல."

திட்டுவான் என்று காத்திருந்தேன். "அலமாக்" என்றான் மெதுவாக, ஐயோ என்பது போல. "வேற எவன் கொரலயாவது போட்டிருந்தா அப்பவே கண்டுபுடிச்சிருப்பேண்டா. என் கொரலயே போட்டு என்னை ஏமாத்திட்டியே."

"நாதா, ஆஸ்பத்திரிக்குப் போலாம். நாளைக்கே. நான் வர்றேன்."

"நீ வந்துதான் ஆகணும்" என்றான்.

அது கோபமா, அழைப்பா என்று எனக்கு அப்போது புரியவில்லை.

நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. அமலோற்பவமும் வந்தாள். டாக்டர் இளம்பெண், தமிழ்ப்பிள்ளை. கேமராவை அவன் மூக்கு வழியாக விட்டுத் திரையில் வெகுநேரம் பார்த்தாள். படத்தை நிறுத்தினாள், பெரிதாக்கினாள், எதையோ அளந்தாள். கேமராவை வெளியே எடுத்த பிறகும் அவள் முகம் மாறவே இல்லை. அப்படி மாறாமல் வைத்துக்கொள்ள அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள் போல.

"ஒரு சின்னத் துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும் அங்கிள். அதுக்கு முன்னே ஒண்ணு கேக்கணும். வாய்ஸ் எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

நாதன் திரும்பி என்னைக் காட்டினான்.

"எனக்குத் தெரியாது டாக்டர். இவனக் கேளுங்க. என் கொரல இவன் ஒருத்தன்தான் கேட்டுக்கிட்டிருந்தான்."

டாக்டர் குழம்பி என்னைப் பார்த்தாள். அமலோற்பவமும் என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில் சந்தேகமே இல்லை, நான் ஏதோ உதவி செய்யப் போகிறேன் என்றுதான் நினைத்தாள். வீட்டில் நாதன் அவளிடம் எதுவும் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டியவன் நான் என்று விட்டிருக்கிறான்.

"பிப்ரவரியிலேர்ந்து" என்றேன்.

டாக்டர் எழுதிக்கொண்டாள். "ஒம்போது மாசம். நடுவுல கொஞ்ச நாளாவது நல்லா இருந்துச்சா?"

அமலோற்பவம் எனக்காக முந்திக்கொண்டாள். "ஆமா டாக்டர், ஏப்ரல்ல நல்லா இருந்துச்சி. இந்த அண்ணன்தான் சொன்னாரு."

நாதன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டரின் பேனா தாளின் மேல் காத்திருந்தது.

"இல்லம்மா" என்றேன் அமலோற்பவத்திடம். "ஒரு நாளும் நல்லா இல்ல."