முதல் வாய் யாருக்கு

குவைத்தில் பதினான்கு வருஷம் தன் அம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள் என்று ஷஹனாஸ் நம்பிக்கொண்டிருந்தாள். சும்மா நம்பவில்லை, திருச்சி பாலக்கரை முழுக்கச் சொல்லிச் சொல்லி நம்பினாள். "எங்கம்மா எத்தனை பேரு உசுரக் காப்பாத்தியிருக்காங்க தெரியுமா?" என்று கறிக்கடையில் நின்றுகொண்டுகூடக் கேட்பாள். கறி வெட்டுகிறவர் பாவம், என்ன சொல்வார்? தெரியும் தெரியும் என்று தலையாட்டுவார்.

உண்மை வேறு. அம்மா சாரா பீவி இருந்தது ஆஸ்பத்திரியில் அல்ல, ஒரு வீட்டில். பிறந்து நாற்பது நாள் ஆன பெண் குழந்தையை அவள் கையில் கொடுத்தார்கள். குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைத்து, பள்ளிக்கூடம் அனுப்பி, பதினான்கு வயசுப் பெண்ணாக்கிவிட்டு வந்தாள். போன புதிதில் உப்பு வேண்டும் என்று கேட்கக்கூட அரபி தெரியாது. வெயிலோ, திருச்சி வெயிலைக் குளுகுளு என்று நினைக்கவைக்கும். அந்த ஊரில் ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய நெஞ்சுக்கு ஒரு சலாம் வைக்கத்தான் வேண்டும்.

பிறகு ஏன் பொய்? வீட்டு வேலை என்று சொல்ல வெட்கமா? ஒரு மண்ணும் இல்லை. கணவர் மவுத்தாகி, சம்பாதிக்க ஆளில்லாமல் போன பிறகு, நாலு வயசு ஷஹனாஸைத் தங்கை சுராயாவிடம் விட்டுவிட்டுப் போனவள் சாரா. பெற்ற மகளைத் தவிக்கவிட்ட கை, இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு மூன்று வேளையும் ஊட்டியது என்று தெரிந்தால் மகளின் மனசு விட்டுப்போகும். அந்த ஒரு பயம்தான். விஷயம் தெரிந்த சுராயாவும் யாரிடமும் மூச்சுவிடாமலே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பி ஒன்பது வருஷமாகி, இனிமேல் பயமில்லை என்றிருந்தபோதுதான் அந்தக் குழந்தை, நூரா, போன் செய்தாள். தனக்குக் கல்யாணம், நேரில் அழைக்க வெள்ளிக்கிழமை திருச்சிக்கு வருகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று என்று அரபியில் கொட்டித் தீர்த்தாள். சாராவுக்குக் கண்ணெல்லாம் சந்தோஷம். ஆனாலும் போனைப் பொத்திக்கொண்டு, மகள் கேட்டுவிட்டாளா என்று எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா அது?" என்றாள் ஷஹனாஸ்.

"ஆஸ்பத்திரியில நான் பாத்துக்கிட்ட புள்ள. சின்னதுல ரொம்ப முடியாம கெடந்துச்சு." யோசிக்காமல் வந்து விழுந்தது பொய்.

ஷஹனாஸ் பூரித்துப்போனாள். "பாத்தீங்களா! காப்பாத்துனவங்களத் தேடிக்கிட்டு அங்கேருந்து வருதே!"

சாரா ஒரு திட்டம் போட்டாள். நூரா சின்ன வயசில் தமிழ் பேசுவாள்தான், ஆனால் இத்தனை வருஷமாகப் போனில்கூட அரபிதான் பேசுகிறாள், தமிழ் மறந்திருக்கும். நடுவில் உட்கார்ந்து, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தானே பேசிவிட்டால் முடிந்தது. முதன்முதலாகப் பேசிய பேச்சு பிள்ளைகளுக்கு மறக்காது என்பது, ஒரு பிள்ளைக்குப் பேச்சுச் சொல்லிக்கொடுத்தவளுக்கே தோன்றவில்லை பாருங்கள்!

வெள்ளிக்கிழமை மருமகன் ரசூல் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் நூரா வந்து சேர்ந்தாள். ஆட்டோ சந்துக்குள் நுழையவில்லை. கறுப்பு அபாயா அங்கி தரையில் புரள, பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு, சாக்கடையைத் தாண்டிச் சிரித்துக்கொண்டே வந்தாள். வந்ததும் சாராவின் நெற்றியில் முத்தமிட்டாள். அங்கே பெற்றவர்களுக்கும் பெரியவர்களுக்கும் அப்படித்தான் மரியாதை செய்வார்கள். மாளிகை மாதிரி வீட்டில் பிறந்த பெண், தகரக் கதவு வீட்டு வாசலில் நின்று அதைச் செய்தாள். என்ன பிள்ளை, என்ன பிள்ளை என்று சாராவுக்குப் பெருமை தாங்கவில்லை.

நெய்ச்சோறு, தாளிச்சா, கோழி வறுவல். மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தார்கள். நூரா கூச்சத்தோடு அரபியில் இரண்டு வார்த்தை பேசினாள்.

"எந்த வார்டுல இருந்துச்சுன்னு கேளுங்கம்மா," என்றாள் ஷஹனாஸ்.

"கோழி காரமா இருக்கா?" என்று சாரா அரபியில் கேட்டாள்.

நூரா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். இல்லை என்று அரபியில் சொன்னாள்.

"குழந்தைங்க வார்டாம்."

"நீங்க ஊசி போட்டா அழுவுமான்னு கேளுங்க."

"இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா?" என்று கேட்டாள் சாரா, அதே அரபியில்.

ஏதோ விளையாட்டு என்று நினைத்துவிட்டாள் நூரா. களுக்கென்று சிரித்தாள். "போதும் சாராம்மா. ரசம் வைக்கலையா?"

பாலக்கரையிலேயே பிறந்து வளர்ந்தவள் மாதிரி தமிழ்! ஷஹனாஸின் கை தட்டில் அப்படியே நின்றது. "உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"சாராம்மா வளத்த புள்ளைக்குத் தமிழ் தெரியாதா? பொறந்ததுலேருந்து எங்க வீட்டுலதானே இருந்தாங்க."

ஷஹனாஸ் அம்மாவின் பக்கம் திரும்பினாள். இனி எதை மொழிபெயர்ப்பது? சாரா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆஸ்பத்திரி இல்லம்மா. இந்தப் புள்ளய வளக்கத்தான் போனேன்."

"எனக்குக் காய்ச்சல் வந்தா உங்களக் கேட்டு அழுவேன்," என்றாள் ஷஹனாஸ். "அம்மா நைட் டூட்டியில இருக்காங்கன்னு சின்னம்மா சொல்லுவாங்க. யாரோ நோயாளிக்குத்தானேன்னு நானும் பேசாம படுத்துக்குவேன். இன்னொரு வீட்டுப் புள்ளைக்கா ஊட்டிக்கிட்டிருந்தீங்க?" இருபத்தேழு வயசுக்காரியின் குரல் உடைந்து நாலு வயசுக்குப் போய்விட்டது. இத்தனை வருஷமாகப் பயந்தது நடந்தேவிட்டது. சாரா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

செய்துவிட்ட காரியம் நூராவுக்கு இப்போதுதான் உறைத்தது. ஆனால் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"நீங்கதானே ஷானு அக்கா? உங்க மேல எனக்கு எம்புட்டுப் பொறாமை தெரியுமா?"

"என் மேலயா?"

"சோறு பெசஞ்சா மொத உருண்டைய எனக்குத் தர மாட்டாங்க. ஜன்னலுக்கு நேரா நீட்டி, 'இது ஷானுவுக்கு'ன்னு சொல்லுவாங்க. அப்புறம்தான் என் வாய்க்கு வரும். மூணு வேளையும் இப்படித்தான். மொத வாய் எனக்குத்தான் வேணும்னு உருண்டு பொரண்டு அழுதிருக்கேன். ஒருநாள்கூடத் தரல. ஜன்னலுக்கு வெளியதான் நீங்க நிக்கிறீங்கன்னு எட்டி எட்டிப் பாப்பேன்."

ஷஹனாஸ் அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தன் தட்டை அம்மாவின் முன்னால் தள்ளினாள்.

"பெசைங்கம்மா."

சாரா பிசைந்தாள். நெய்ச்சோறும் தாளிச்சாவும் கண்ணீரும் எல்லாம் சேர்ந்துதான் பிசைந்தாள். ஒரு உருண்டை பிடித்தாள். பதினான்கு வருஷத்துப் பழக்கம் லேசில் போகுமா? கை தானாக ஜன்னல் பக்கம் நீண்டது.

ஷஹனாஸ் எட்டி அந்தக் கையைப் பிடித்தாள். "அங்க இல்லம்மா, இங்க இருக்கேன்," என்று சொல்லி, கையைத் திருப்பித் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"ரெண்டாவது எனக்கு," என்று நூரா நகர்ந்து உட்கார்ந்தாள்.